துன்பத்தில் புடமிடப்பட்ட புனித தேவசகாயம்



யூபிலி மலருக்குப் பங்குக் குருவின் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் ஆலயம் எழும்பிய வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்த பெரியவர்கள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆதலால் நான் ஒரு புனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் மாதம், புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். படகும் வலையும் கரியாகி, வாரக்கணக்கில் தொழில் நின்றுபோன நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒருநாள், பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, மீனவக் குடும்பத்துத் தாய் ஒருவர் ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. சாமி, எங்களை நல்லவர்களாக ஆக்குவதற்குத்தான் கடவுள் இதையெல்லாம் அனுப்புகிறாரா என்று கேட்டார். வேறு ஒரு வீட்டுக்கு மந்திரிக்கப் போகும் அவசரத்தில் இருந்த நான், எல்லாம் தேவ சித்தம் அம்மா, பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை என்னை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன பதில் தப்பான பதில் என்பது அன்றிரவே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியான பதிலைத் தேடியபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்தான் புனித தேவசகாயம்.

நம் பங்கில் குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மற்றவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்று ஓர் ஊர். அங்கே 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நீலகண்டன் என்னும் குழந்தை ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தது. அந்நாளில் அது திருவிதாங்கூர் நாடு. குடும்பத்துக்குச் செல்வாக்கு இருந்தது, நிலபுலனும் இருந்தது. பிள்ளை படித்தான், படைக்கலப் பயிற்சியும் பெற்றான். வளர்ந்த பின் பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணிக்குச் சேர்ந்தார். மார்த்தாண்டவர்மா மகாராசா நாட்டை விரிவாக்கி வந்த காலம் அது. அரசின் நம்பிக்கைக்குப் பாத்திரமான அதிகாரியாக நீலகண்டர் உயர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். வீதியில் இவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்த மரியாதையைத் தவறென்று அவர் அப்போது நினைத்திருக்க வழியில்லை. அது அவர் மூச்சுவிட்ட காற்று.

பிறகு வீட்டில் தொல்லைகள் தொடங்கின. கால்நடைகள் செத்தன. பயிர் பொய்த்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள் நட்டம் வந்தது. பரிகாரங்கள் செய்தும் பயனில்லை. மனிதர் முகம் வாடித் திரிந்தார்.

அந்த வாட்டத்தைக் கவனித்தவர் ஒருவர். எஸ்தாக்கியுஸ் தெ லனாய் என்பது அவர் பெயர். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூரின் கைதியானவர் அவர். மகாராசா அவருடைய திறமையைக் கண்டு அவரையே தம் படைக்குப் பயிற்சி தரும்படி அமர்த்திக்கொண்டார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியவர் இவர்தான். 1777இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அவர் கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சொந்த நாட்டை இழந்து, பிடித்த பகைவனிடமே வேலை பார்த்த மனிதருக்கு, இன்னொருவனின் இழப்பு புரிந்ததில் வியப்பில்லை.

தெ லனாய் நீலகண்டருக்கு மருந்து சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். யோபு என்றால் பொறுமை என்று நாம் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். குருமடத்தில் வேதாகம வகுப்பில் அந்த ஆகமத்தை முழுவதும் படிக்க வைத்தபோதுதான், அதில் பொறுமையாக இருக்கும் பக்கங்கள் எவ்வளவு குறைவு என்று கண்டு நான் திகைத்தேன். மாடும் ஆடும் ஒட்டகமும் போகின்றன, பிள்ளைகள் மாண்டுபோகிறார்கள், உடம்பெல்லாம் புண். முதல் இரண்டு அதிகாரங்களில் யோபு அமைதியாக இருக்கிறார். அதன்பின் ஏறக்குறைய நாற்பது அதிகாரங்கள். அவற்றில் பெரும்பகுதியிலும் அவர் கடவுளோடு வழக்காடுகிறார், நியாயம் கேட்கிறார், தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அவருடைய நண்பர்களோ ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகு கெட்டார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்பதும், கடவுள் உன்னைத் திருத்துகிறார் என்பதும்தான் அவர்களுடைய விளக்கம். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவின் மேல் அல்ல, கடவுளுக்காகப் பரிந்து பேசிய இந்த நண்பர்கள் மேல். ஆலய வாசலில் அந்தத் தாய்க்குப் பதில் சொன்ன நான் எந்தப் பக்கத்தில் நின்றேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கும்.

யோபுவுக்குக் கடவுள் காரணம் ஒன்றும் கூறவில்லை. ஆனால் பதில் கொடுத்தார், அவரோடு பேசினார். தன் துன்பத்தில் கடவுள் தன்னைக் கைவிட்டு அப்பால் போகவில்லை என்று யோபு கண்டுகொண்டதே அந்தப் பதில். நீலகண்டரைப் பிடித்தது இதுதான் என்று நான் கருதுகிறேன். வந்த நட்டம் தீரவில்லை. ஆனால் நட்டத்தின் நடுவில் நம்பத்தக்க ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. தெ லனாயிடம் மேலும் மேலும் கேட்டார். ஞானஸ்நானம் பெற விரும்பினார்.

தெ லனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே சேசு சபைக் குரு பட்டாரி சுவாமி இருந்தார். பரஞ்சோதி நாதர் என்று மக்கள் அழைத்தது அவரைத்தான். வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. அரண்மனை அதிகாரி ஒருவர் வேதத்தில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை அறியாதவரல்ல அந்தக் குரு. ஆய்ந்து பார்த்தபின், 1745 மே 14ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்னும் பெயரைத் தமிழாக்கி, தேவசகாயம் என்று பெயரிட்டார். கடவுளே துணை என்று பொருள். பார்கவி அம்மாளும் பின்பு ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குத் தெரேசா என்னும் பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று வைத்தார்கள். எவ்வளவு அழகான பெயர்! நம் பங்கில் ஒரு குழந்தைக்காவது இந்தப் பெயரை யாராவது வைக்கமாட்டார்களா என்று எனக்கு ஆசை.

வேதசாட்சிகளின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் ஞானஸ்நானத்திலிருந்து ஒரே தாவாகக் கொலைக்களத்துக்குப் போய்விடுகிறோம். தேவசகாயத்துக்கு இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருந்தன. அதில் முதல் நான்கு ஆண்டுகள் அவர் அரண்மனைப் பணியிலேயே இருந்தார். வீடு, வேலை, கணக்கு, வழக்கு. வெளியே பார்த்தால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் என்று தாம் பிறந்ததிலிருந்து எண்ணியிருந்த மக்களோடு அவர் பழக ஆரம்பித்தார், அவர்களோடு அமர்ந்து உண்டார். கடவுள் முன்னிலையில் மனிதர் யாவரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். இன்று அது மேடைதோறும் கேட்கும் பேச்சு. 1740களில், அந்த நாட்டில், அந்தக் குலத்தில் பிறந்த ஒருவர் அதைச் சொல்வதும் செய்வதும் தம் வீட்டுக்குத் தாமே நெருப்பு வைப்பதற்கு ஒப்பாகும்.

கடவுள் அவரை உருவாக்கியது சிறையில்தான் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மாடு செத்தபோது தொடங்கிய வேலை அது. பொருள் போனபோது, பொருளால் தாம் பெரியவர் என்ற எண்ணம் போயிற்று. அது போன பின், பிறப்பால் தாம் பெரியவர் என்ற எண்ணத்தையும் விட முடிந்தது. சிறைக்குப் போவதற்குள் அவரிடம் பிறர் பறிக்கக்கூடிய பெருமை அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

அவருக்கு எதிராக அரண்மனையில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1749 பிப்ரவரி 23ஆம் நாள் கைதானார். புது வேதத்தை விட்டுவிட்டுப் பழைய பதவிக்குத் திரும்பலாம் என்ற வழி அவருக்கு அடைக்கப்படவில்லை. அவர்தாம் அதை எடுக்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. இந்த வரலாற்றைக் கேட்டு யாரும் அந்த மன்னரின் மதத்தாரையோ அந்த நாட்டாரையோ வெறுக்க நினைத்தால், அவர் தேவசகாயத்தைப் புரிந்துகொள்ளவில்லை. தெ லனாய் அதே மன்னரிடம் கிறிஸ்தவராகவே இருந்து உயர் பதவி வகித்தார். தேவசகாயத்தின் பாடுகளுக்கு இரங்கி அவரைப் பார்க்க வந்தவர்களில் கிறிஸ்தவரல்லாதவரும் இருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் அவர் பட்டதை விரிவாக எழுத என் கை கூசுகிறது. எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உள்ளங்காலில் பிரம்படி. புண்ணில் மிளகாய்ப் பொடி. வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். குடிக்க நாற்றமெடுத்த நீரைக் கொடுத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அடியைவிட அந்த எருமைப் பயணம் அவருக்கு வலித்திருக்கும் என்று எண்ணுகிறேன். முன்னே ஆட்கள் வழிவிலக்க நடந்த அதே வீதிகள். அதே முகங்கள் பார்த்துச் சிரித்தன.

புலியூர்க்குறிச்சியில் தாகம் பொறுக்க முடியாமல் அவர் முழந்தாளிட்டு வேண்டி, முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது மரபு. அந்தப் பாறைக்கு முட்டிடிச்சான்பாறை என்று பெயர். மக்கள் இன்றும் அங்கே வந்து அந்த நீரைப் பருகுகிறார்கள். அந்தப் பாறைக்குச் சற்றுத் தொலைவில்தான் உதயகிரிக் கோட்டை. யோபுவின் கதையை அவருக்குச் சொன்ன தெ லனாய் பணிபுரிந்த இடம். அந்தக் கோட்டைக்கு அருகேதான், யோபுவைப் போல உடம்பெல்லாம் புண்ணாக, அவர் கொண்டுபோகப்பட்டார்.

பெருவிளையில் வேப்பமரம் ஒன்றில் அவரைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். அங்கே நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பெரிதாகத் தோன்றுகிறது. தண்டனையாகக் கட்டப்பட்ட மனிதரைத் தேடி நோயாளிகளும் துயரப்பட்டவர்களும் வரத் தொடங்கினார்கள். காவல் காத்தவர்களே அவரிடம் இரக்கம் கொண்டார்கள். மரத்தடியில் கட்டுண்டு கிடந்தவர் மற்றவர்களுக்காகச் செபித்தார், ஆறுதல் சொன்னார். துன்பம் மனிதரைத் தானாகவே நல்லவராக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய குருத்துவ வாழ்வில், துன்பத்தால் கசந்து, கல்லாகி, வீட்டாரையே வதைக்கும் மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே வெயிலில் மெழுகு உருகுகிறது, களிமண் இறுகுகிறது. தேவசகாயத்தில் நான் காண்பது, ஒவ்வொரு நாளும் தம் கசப்பைக் கடவுளிடம் கொண்டுபோய்க் கொட்டிய ஒரு மனிதர். ஏன் என்று அவரும் கேட்டிருப்பார். யோபுவைக் குருவாகக் கொண்டவர் கேட்காமல் இருந்திருப்பாரா? கேட்டுவிட்டு, மறுநாளும் அவர் கையிலேயே தம்மை ஒப்படைத்தார்.

கூட்டம் பெருகவே, அவரை அங்கிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கேயும் மக்கள் தேடி வந்தார்கள். 1752 சனவரி 14ஆம் நாள் இரவு, காற்றாடிமலையில் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தொன்பது. உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எஞ்சியதைத் தேடி எடுத்து, கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தங்கி, அங்கேயே மரித்தார். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கணவருக்குக் கிடைத்த புகழில் ஒரு துளியும் இல்லாமல், கைம்பெண்ணாக, அயலூரில் அவர் கழித்த ஆண்டுகளையும் கடவுள் கணக்கில் வைத்திருப்பார்.

கோட்டாறு அப்போது கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கொச்சி ஆயர் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணம் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அமைதி. மக்கள் மட்டும் மறக்கவில்லை. 1990களில் குருமாணவனாக நான் நண்பர்களோடு காற்றாடிமலை ஏறியபோது அவர் இன்னும் முத்திப்பேறு பெற்றவராகக்கூட அறிவிக்கப்படவில்லை. ஆனால் அங்கே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வயதான ஒருவர் எங்களைக் கூட்டிப்போய், கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையைத் தட்டிக் காட்டினார். மணியடிச்சான்பாறை என்பார்கள். நாங்களும் சிறுபிள்ளைகள் போல மாறிமாறித் தட்டினோம்.

2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதற் புனிதர், மணமானவர், அரசு வேலை பார்த்தவர். புனிதர் பட்டத்துக்கு முன் ஒரு காரியம் நடந்தது. அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்று சிலர் விண்ணப்பித்தார்கள். உரோமை அதை ஏற்று நீக்கிவிட்டது. அவர் 1745இலேயே விட்டதை நாம் விடுவதற்கு ஏறக்குறைய 277 ஆண்டுகள் ஆயின.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். எண்ணெயைக் கடவுள் அனுப்பவில்லை, அம்மா. மனிதரின் அசட்டையால் வந்ததைக் கடவுள் தலையில் கட்டி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது என் தவறு. நியாயம் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. தேவசகாயத்தைச் சங்கிலியில் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவர் மனிதருக்குரிய நியாயத்தைப் பேசியதுதான். அந்த எண்ணெயிலும், அதற்கு முன் 2004 சுனாமியிலும், கரையைக் கடல் தின்றபோதும், 2017இல் அனல் மின் நிலையம் மூடப்பட்டு ஒப்பந்த வேலை போனபோதும், கடவுள் உங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதைத்தான் நான் அன்று உங்கள் அருகில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாவது இருந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் உங்கள் தெருப் பெண்கள் ஒரே அடுப்பில் உலை வைத்து, வேலையில்லாத அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துச் சமைத்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன். பெருவிளை வேப்பமரத்தடி எனக்கு அப்போது புரிந்தது.

புனிதரின் திருநாள் சனவரி 14. போகிப் புகையும் பொங்கல் வேலையும் இருப்பதால் நம் ஆலயத்தில் அது கவனிப்பாரில்லாமல் போய்விடுகிறது. யூபிலி ஆண்டிலிருந்து அன்று மாலை ஆறு மணிக்குத் திருப்பலி நடக்கும். திருநாளுக்குப் பின் வரும் வாரத்தில் நட்டாலம், புலியூர்க்குறிச்சி, வடக்கன்குளம், காற்றாடிமலை, கோட்டாறு ஆகிய இடங்களுக்குப் பங்கிலிருந்து திருயாத்திரை போக ஏற்பாடு செய்திருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்; வசதியில்லாதவர்களின் பேருந்துச் செலவைப் பங்கு ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் முதல் பெயரை நானே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாய் வருகிறார்.